திருவண்ணாமலைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம்?

ரெண்டு ஏர்போர்ட் பேரைத் தட்டினா நடுவுல எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம்னு சொல்ற தளங்கள் இணையத்துல ஏகப்பட்டது இருக்கு. சென்னை - லண்டன் ஹீத்ரோன்னு போட்டா சுமார் 8,200 கி.மீ., பத்தரை மணி நேரம்னு வரும். சென்னை - சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., நாலு மணி நேரம். வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கற எல்லா வீட்லயும் இந்த நம்பர் மனப்பாடம். "லண்டன் என்னங்க லண்டன், ராத்திரி ஏறினா பொழுது விடிஞ்சா வந்துடலாம்"னு கல்யாண வீட்ல உக்காந்து மாமாக்கள் தைரியமா சொல்றது இந்த நம்பரை நம்பித்தான்.

இந்தப் பதிவுல நான் சொல்லவர்றது ஒண்ணே ஒண்ணு. அந்த நம்பர் தப்பில்லை. ஆனா திருவண்ணாமலைக்காரனுக்கு அது பாதி நம்பர். நம்ம ஊரை உலகத்துல இருந்து தள்ளி வெச்சிருக்கறது அந்த 8,200 கி.மீ. கிடையாது. ராஜகோபுரத்துக்கும் திருசூலம் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இருக்கற 175 கி.மீ.தான். அந்த 175-ஐப் பத்தி யாரும் கணக்கும் போடறதில்லை, கவலையும் படறதில்லை.

மொதல்ல அந்த ஏர்போர்ட் நம்பர் எப்படி வருதுன்னு பார்த்துடலாம். பொட்டி தட்டுறவன் எழுதற பதிவுல கொஞ்சம் கணக்கு இல்லைன்னா எப்படி :-)

ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை தெரிஞ்சா போதும். பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள ஒரு உருண்டைன்னு வெச்சிக்கிட்டு, ஹேவர்சைன்னு ஒரு சூத்திரத்துல போட்டா உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கும் நடுவுல உள்ள குறைஞ்ச தூரம் கிடைச்சிடும். இருபது வரி புரோகிராம்கூட ஆகாது. பூமி நிஜத்துல சரியான உருண்டை இல்லை, நடுவுல கொஞ்சம் பெருத்து துருவத்துல கொஞ்சம் தட்டையா இருக்கு. அதனால அரை சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன வரலாம், பரவாயில்லை. இந்தக் குறைஞ்ச தூரம் சுவத்துல மாட்டற மேப்புல வளைஞ்ச கோடாத் தெரியும். 2021 ஜனவரில ஏர் இந்தியா பெண் விமானிகள் சான் ஃபிரான்சிஸ்கோல இருந்து பெங்களூருக்கு நிக்காம ஓட்டிக்கிட்டு வந்தாங்களே, அவங்க வந்தது வட துருவம் வழியா. மேப்பைப் பார்த்தா "ஏன் இப்படி சுத்தறாங்க"ன்னு தோணும். உருண்டையில ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பார்த்தா அதுதான் குறுக்கு வழின்னு புரியும்.

தூரம் கிடைச்சாச்சு. நேரம்? பெரும்பாலான தளங்கள் பண்றது ரொம்ப சாதாரணம். தூரத்தை மணிக்கு 800 கி.மீ.யால வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணியைச் சேர்த்துடுவாங்க. அவ்வளவுதான். ஆனா இப்படிக் கணக்குப் போட்டா போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம்தான் வரும். நிஜத்துல சென்னையில இருந்து லண்டன் போக பதினோரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்பி வர பத்து மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். மேல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்தோட்டம் அடிக்குது. சில நாள் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். கூடவே பறந்தா தள்ளிவிடும், எதிர்ல பறந்தா இழுக்கும்.

காத்து மட்டுமில்லை, அரசியலும் இருக்கு. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்யா தன் வான்வழியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிடுச்சு. ஒன்பது மணி நேரத்துல போய்க்கிட்டிருந்த ஹெல்சிங்கி - டோக்கியோ விமானம் பதிமூணு மணி நேரம் சுத்திப் போக வேண்டியதாப் போச்சு. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் நம்ம விமானங்களுக்கு வான்வழியை மூடினப்போ, டெல்லியில இருந்து நிக்காம அமெரிக்கா போன விமானங்கள்ல சிலது வியன்னாவுல இறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டுப் போச்சு. இதுல எந்த ஏர்போர்ட்டும் இடம் மாறலை. சூத்திரம் சொல்ற தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடலை. நேரம் மட்டும் மாறிடுச்சு.

ஆக தூரம் வேற, நேரம் வேற. வானத்துலயே இப்படின்னா தரையில கேக்கவே வேணாம். இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

அதே சூத்திரத்துல திருவண்ணாமலையையும் சென்னை ஏர்போர்ட்டையும் போட்டுப் பார்த்தேன். நேர்க்கோட்டுல சுமார் 146 கி.மீ. வருது. மணிக்கு 800 கி.மீ.னு வகுத்தா 11 நிமிஷம்! சிரிக்காதீங்க. சூத்திரத்தைப் பொறுத்தவரைக்கும் நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கு 11 நிமிஷத் தூரத்துலதான் இருக்கு.

நிஜக் கணக்கு இது. கார் வெச்சிருக்கறவங்களை விடுங்க, பஸ்ல போறவங்க கணக்கு.

வீட்ல இருந்து பொட்டியைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டு வந்து, உக்கார இடம் உள்ள பஸ்ஸாப் பார்த்து ஏற அரை மணி.
செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியா கிளாம்பாக்கம் போய்ச் சேர நாலு, நாலரை மணி.
கிளாம்பாக்கத்துல இறங்கி, லக்கேஜோட டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு ஏர்போர்ட் வாசலுக்கு வர ஒரு மணி.
இன்டர்நேஷனல்னா மூணு மணி நேரம் முன்னாடியே உள்ள இருக்கணும்.
டயர் பஞ்சர், தாம்பரம் டிராஃபிக், எவனாவது மறியல், இதுக்கெல்லாம் சேர்த்து கையில ஒரு மணி நேரமாவது மிச்சம்.

கூட்டிப் பாருங்க, பத்து மணி நேரம். லண்டனுக்குப் பறக்கறது பதினொண்ணு. அதாவது திருவண்ணாமலைக்கும் லண்டனுக்கும் பாதி வழி எங்க இருக்குன்னு யாராவது கேட்டா துபாய்னு சொல்லாதீங்க, துருக்கின்னு சொல்லாதீங்க. திருசூலம்! சிங்கப்பூர் போறவங்களுக்கு இன்னும் மோசம். பறக்கறது நாலேகால் மணி, தரையில பத்து மணி. திருசூலம் வந்து விமானத்துல ஏறும்போது மூணுல ரெண்டு பங்கு பயணம் முடிஞ்சு போயிருக்கும்.

இன்னொரு விஷயம், சென்னையில இருந்து கிளம்பற வெளிநாட்டு விமானங்கள்ல நிறைய நடுராத்திரியில இருந்து விடிகாலைக்குள்ள இருக்கும். விடிகாலை 4 மணி விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிடணும். வர்றப்பவும் அதே கதை. ராத்திரி ஒரு மணிக்கு இறங்கி, இமிக்ரேஷன் முடிச்சு, பொட்டி வந்து, வெளிய வந்தா மணி ரெண்டரை. வயசான அம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்த நேரத்துக்குக் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறுவீங்களா? டாக்ஸிதான். அந்த டிரைவரும் முந்தின நாள் பூரா ஓட்டினவரா இருப்பார். ராத்திரி மூணு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரிக்கு நடுவுல தூக்கக் கலக்கத்துல போறது இருக்கே, முப்பத்தஞ்சாயிரம் அடி உயரத்துல வர்ற டர்புலன்ஸ் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அப்புறம் பௌர்ணமி. வெளியூர்க்காரங்களுக்கு இது சரியாப் புரியாது. மாசத்துல ஒரு நாள், சில மாசம் ரெண்டு நாள், இந்த ஊரோட தூரமே மாறிடும். 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்குல ஜனம். வெளியூர் பஸ் எதுவும் ஊருக்குள்ள வராது. ஒவ்வொரு ரோட்டுலயும் ஊருக்கு வெளியவே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டு நிறுத்திடுவாங்க. கார்த்திகை தீபத்துக்கு இதைவிடப் பல மடங்கு. டிக்கெட் விக்கற எந்த சைட்டும் "இறங்கற அன்னிக்குப் பௌர்ணமி, யோசிச்சுக்குங்க"ன்னு சொல்லாது. எங்க ஊர்ல மட்டும் ஃப்ளைட் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தினசரி காலண்டரைத் திருப்பிப் பார்க்கணும்.

இதெல்லாம் கேக்க வேடிக்கையா இருக்கலாம். எல்லா நேரமும் வேடிக்கையா இருக்கறதில்லை.

எங்க எதிர்வீட்டுப் பெரியப்பா ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு இறந்துட்டார். ஒரே பையன், அண்ணன் அமெரிக்காவுல டல்லஸ்ல இருக்கார். அவருக்கு அப்ப காலை பத்தரை. அன்னிக்கு சாயங்காலமே விமானம் ஏறிட்டார். டல்லஸ்ல இருந்து தோஹா பதினாறு மணி நேரம், அங்க மூணு மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் சென்னை நாலரை மணி நேரம். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கினார். அஞ்சு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை. அரை உலகத்தைச் சுத்தி வந்த அந்த இருபத்திமூணரை மணி நேரக் கணக்கு அச்சுப் பிசகாம இருந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்ல எல்லாரும் விமானம் எங்க பறக்குதுன்னு மேப்புல பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ஓமன் தாண்டிடுச்சு", "அரபிக்கடல் வந்துடுச்சு"ன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருந்தது.

அந்த வியாழக்கிழமை பௌர்ணமி.

ஏழு மணிக்கு டாக்ஸி ஏறினவர் சாதாரண நாள்னா பதினோரு மணிக்கு வீட்டு வாசல்ல இருந்திருப்பார். செஞ்சி வரைக்கும் ஒழுங்கா வந்தாச்சு. செஞ்சிக்கு அப்புறம் இருக்கறது நாப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அங்கதான் மாட்டினார். இங்க வீட்ல ஐஸ் பெட்டியைச் சுத்தி ஜனம். "எங்கடா வந்துக்கினு இருக்கான்?"னு பெரியவங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேக்கறாங்க. பன்னெண்டு மணிக்கு எடுக்கறதா இருந்ததை ஒரு மணி வரைக்கும் தள்ளினாங்க. தெரு முழுக்க ஜனம் ஏற ஆரம்பிச்சிடுச்சு, இதுக்கு மேல போனா ஊர்வலமே போக முடியாதுன்னு எடுத்துட்டாங்க. அண்ணன் ஊர் எல்லையில டாக்ஸியை விட்டுட்டு, யாரோ ஒரு பையனோட பைக்ல ஏறி நேரா சுடுகாட்டுக்கு வந்தார். அங்கதான் அப்பா முகத்தைப் பார்த்தார். வீட்ல, அப்பா உக்கார்ற அந்தத் திண்ணையில வெச்சுப் பார்க்கக் குடுத்து வெக்கலை.

அன்னிக்குப் போலீஸ்மேல குறை சொல்றதுக்கில்லை. அத்தனை லட்சம் ஜனத்தை வெச்சுக்கிட்டு அவங்க வேற என்ன பண்ண முடியும்? டிரைவர்மேலயும் குறை இல்லை. நான் சொல்றது அந்தக் கணக்கைப் பத்தி. பன்னிரண்டாயிரம், பதினஞ்சாயிரம் கிலோமீட்டரை நிமிஷக் கணக்குல சொல்ல முடியற காலத்துல, கடைசி நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா மூணு மணி நேரமான்னு சொல்ல ஆள் இல்லை. வெளிநாட்டுல இருக்கற நம்ம ஜனங்களுக்குத் தூரம்னா கிலோமீட்டர் இல்லைங்க. "எடுக்கறதுக்குள்ள வந்துடுவேனா?" அதுதான் தூரம்.

இந்த இடத்துல நம்ம ஊர்ப் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வருது. எல்லாருக்கும் தெரிஞ்ச ரமணர் கதைதான். அதுல இருக்கற ரயில் சமாச்சாரத்தை மட்டும் கவனிங்க. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில பதினாறு வயசுப் பையன் வெங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்பறார். கையில மூணு ரூபா. போற இடம் திருவண்ணாமலை. எப்படிப் போறது? ஒரு பழைய நிலப்படத்தை எடுத்துப் பார்க்கறார். அதுல திருவண்ணாமலைக்குக் கிட்ட இருக்கற ரயில் நிலையம் திண்டிவனம். ரெண்டு ரூபா பதிமூணு அணாவுக்குத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துட்டார். விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டாச்சுங்கறது அந்தப் பழைய படத்துல இல்லை. வண்டியில கூட வந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்துல மாறணும்னு சொல்லிக் குடுக்கறார். விழுப்புரத்துல இறங்கினா காசு பத்தலை. மாம்பழப்பட்டு வரைக்கும் ரயில், அங்க இருந்து அரகண்டநல்லூருக்கு நடை, கீழூர்ல கடுக்கனை அடகு வெச்சு, மறுபடி ரயில் ஏறி, செப்டம்பர் 1-ம் தேதி காலையில திருவண்ணாமலை.

பையன் பார்த்த படம் பழசு.  ஆனா திண்டிவனம் பிரதான ரயில் பாதையிலதான் இருக்கு, இன்னிக்கும். அங்க இருந்து எங்க ஊருக்கு சுமார் 70 கி.மீ. அந்த 70 கி.மீ.க்கு செஞ்சி வழியா புது ரயில் பாதை போடப்போறோம்னு 2006-07 ரயில்வே பட்ஜெட்ல சொன்னாங்க. ரமணர் மேப்பைப் பார்த்து நூத்திப் பத்து வருஷம் கழிச்சு! சரி, அப்பவாவது போட்டாங்களான்னா, சொல்லி இருபது வருஷத்தை நெருங்கியாச்சு, திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு இன்னும் ரயில் ஓடலை. நான் ஸ்கூல் படிக்கறப்ப அறிவிச்ச திட்டம். நான் படிச்சு முடிச்சு, இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்கும் சேர்ந்தாச்சு. திட்டம் மட்டும் இன்னும் அதே கிளாஸ்ல உக்காந்திருக்கு.

அதுக்கு நடுவுல வானத்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. 1929-ல லண்டன்ல இருந்து கராச்சிக்கு முதல் பயணிகள் விமான சேவை ஆரம்பிச்சப்போ போய்ச் சேர ஒரு வாரம் ஆச்சு. அதுலயும் நடுவுல கொஞ்ச தூரம் ரயில். இன்னிக்கு சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ.யைப் பத்தொன்பது மணி நேரத்துக்குள்ள நிக்காமப் பறக்கறாங்க. வானத்துல உலகம் இவ்வளவு சுருங்கிடுச்சு. தரையில எங்க ஊர் இருந்த இடத்துலயே இருக்கு.

"அதான் சென்னைக்கு ரயில் விட்டாச்சே"ம்பீங்க. உண்மைதான். மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையா மாத்தறோம்னு சொல்லி வண்டிகளை நிறுத்தினப்போ எங்க ஊருக்குச் சென்னை நேரடி ரயிலும் போச்சு. அகலப் பாதை வந்தும் நேரடி ரயில் பல வருஷம் வரலை. 2024 மே 2-ம் தேதிதான் சென்னை பீச் - வேலூர் கன்டோன்மென்ட் மெமு வண்டியை திருவண்ணாமலை வரைக்கும் நீட்டினாங்க. அப்ப டிக்கெட் அம்பது ரூபா. சந்தோஷம், மனசார நன்றி. ஆனா அறிவிச்ச டைம்டேபிளைப் பாருங்க. சாயங்காலம் 6 மணிக்கு பீச்ல கிளம்பி ராத்திரி 12.05-க்கு திருவண்ணாமலை. விடிகாலை 4 மணிக்கு இங்க கிளம்பி 9.50-க்கு பீச். அரக்கோணம், காட்பாடி, வேலூர்னு மேற்கால போய், அப்புறம் தெற்கால இறங்கி வர்ற வண்டி. ஆறு மணி நேரம். ஏர்போர்ட் போறவன் பீச்ல இறங்கி, மறுபடி தாம்பரம் லோக்கல் ஏறி திருசூலம் வரணும். சென்னையோட ஒரு முனையில நுழைஞ்சு இன்னொரு முனைக்கு வர்ற வேலை.

இப்ப திண்டிவனம் பாதை இருந்தா என்ன ஆகும்னு கணக்குப் போடுங்க. திருவண்ணாமலை - திண்டிவனம் 70, திண்டிவனம் - தாம்பரம் கிட்டத்தட்ட 100. மொத்தம் 170 கி.மீ. ஒரு சாதாரண எக்ஸ்பிரஸ் சராசரியா 55, 60-ல போனாலே மூணு மணி நேரம். தாம்பரத்துல லோக்கல் மாறினா சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நாலாவது ஸ்டேஷன் திருசூலம். ரோட்டைக் கடந்தா ஏர்போர்ட். பௌர்ணமி அன்னிக்கும் தண்டவாளத்துல டிராஃபிக் ஜாம் ஆகாது. அந்த அண்ணன் காலையில ஆறு மணிக்கு இறங்கி பதினோரு மணிக்குள்ள எங்க தெருவுக்கு நடந்தே வந்திருக்கலாம்.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும், இப்பவே பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, "பக்கத்துலயே ஏர்போர்ட் கட்டிட்டா போச்சு." வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஆச்சு. இருக்கட்டும். அதுல சின்ன விமானம் வந்தாலும் லண்டனுக்குப் போறவன் சென்னையிலயோ பெங்களூர்லயோ மாறித்தான் ஆகணும். பெருசுன்னா பரந்தூர். 2022-ல அறிவிச்சாங்க. நேர்க்கோட்டுல பார்த்தா திருசூலத்தைவிட பரந்தூர் எங்க ஊருக்குக் கிட்டதான். ஆனா 5,000 ஏக்கருக்கு மேல நிலம் வேணும். வயலும் ஏரியும் போகுதுன்னு ஏகனாபுரம் ஜனங்க அறிவிச்ச நாள்ல இருந்து போராடிக்கிட்டு இருக்காங்க. அந்தச் சண்டையில யார் பக்கம் நியாயம்ங்கறது தனிப் பதிவுக்கான விஷயம். நான் கேக்கறது வேற. பறக்கறதுக்கு இடம் தேட இவ்வளவு மெனக்கெடற நாம, பறக்கற இடத்துக்குப் போய்ச் சேர்ற 70 கி.மீ. தண்டவாளத்துக்கு அதுல நூத்துல ஒரு பங்கு மெனக்கெட்டோமா? ஏர்போர்ட் எங்க வந்தாலும் அதுக்கு ரயில் இல்லைன்னா அது கிளாம்பாக்கம் மாதிரிதான் ஆகும். பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பர்ல பிரமாதமாத் திறந்தாங்க, அங்க இருந்து 15 கி.மீ. தூரத்துல இருக்கற ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ இன்னும் திட்டமாத்தான் இருக்கு.

ரெண்டாவது மறுப்பு கொஞ்சம் காரமா வரும். "ஏர்போர்ட் போறவன் எத்தனை பேருப்பா? என்ஆர்ஐ குடும்பத்துக்காக ரயில் விடணுமா?" நியாயமான கேள்வி. விமானம் ஏறறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா அந்த 175 கி.மீ. அவங்களுக்கு மட்டுமானது இல்லை. சென்னை ஜி.ஹெச்.சுக்கு டோக்கன் போட விடியறதுக்குள்ள போய் நிக்கணும்னு ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டே போறவங்க இருக்காங்க. இன்டர்வியூவுக்குப் போய், மத்தியானமே முடிஞ்சும் ராத்திரி வீடு திரும்பற பசங்க இருக்காங்க. மாசா மாசம் பௌர்ணமிக்கு வந்து, திரும்பிப் போக பஸ் கிடைக்காம ரோட்டு ஓரமாவே படுத்துத் தூங்கற லட்சக்கணக்கான ஜனம் இருக்கு. என் கணக்குல லண்டனை இழுத்தது, அது வந்தாத்தான் நமக்குத் தூரம் உறைக்குதுன்னுதான். தெனமும் அந்த ரோட்டுல அடிபடறவன் என்னிக்குமே ஃப்ளைட் ஏறாதவன்.

ரயில் வர்ற வரைக்கும்? சின்னதா ரெண்டு விஷயம் பண்ணலாம்னு தோணுது. திருவண்ணாமலையில இருந்து நேரா ஏர்போர்ட் வாசலுக்கே ராத்திரியில ரெண்டு, காலையில ரெண்டு அரசு பஸ் விடலாம். பெங்களூர்ல ஏர்போர்ட்டுக்குன்னே தனி பஸ் ஓடறப்ப இங்க முடியாதா என்ன? அப்புறம் பௌர்ணமி அன்னிக்கு எந்த ரோட்டுல எங்க வரைக்கும் வண்டி வரும், அங்க இருந்து உள்ளூர் ஆளு வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு முன்கூட்டியே சொல்லி, துக்க வீடு, ஆஸ்பத்திரின்னு வர்றவங்களுக்கு ஒரு வழி விடலாம். இதுக்கெல்லாம் ஏக்கர் கணக்குல நிலம் வேணாம்.

உங்ககிட்ட ஒரு வேலை குடுக்கறேன் மக்களே. உங்க ஊருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. மன்னார்குடி, தென்காசி, தருமபுரி, கூடலூர், எதுவா வேணா இருக்கட்டும். ஏர்போர்ட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு இல்லை, திண்ணையில இருந்து திண்ணைக்கு. பறக்கற நேரம் எவ்வளவு, தரை நேரம் எவ்வளவு, பாதி வழி எந்த இடத்துல வருதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. யாருக்காவது பாதி வழி அரபிக்கடல் மேல வந்துச்சுன்னா அவங்க ஊர் பாக்கியம் பண்ணின ஊர். எங்க ஊருக்குத் திருசூலம். அதைக் கொஞ்சமாவது மேற்கால தள்ளணும்னா திண்டிவனத்துல இருந்து 70 கி.மீ. தண்டவாளம் வேணும். அவ்வளவுதான் கேக்கறோம்.